தமிழ்ப் பள்ளி நிதிக்கு நேரடி ஏலம்: யாராவது நடத்தியிருக்கிறீர்களா?

பதிவு 1 | சனிக்கிழமை டீச்சர்

வணக்கம். நியூ ஜெர்சியில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் நிலை வகுப்பு எடுக்கிறேன். 140 பிள்ளைகள். ஆசிரியர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. சனிக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் ஒரு நடுநிலைப் பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறோம். இந்த வருடம் வாடகை ஏறிவிட்டது. புத்தகம், ப்ரொஜெக்டர், காப்பீடு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 14,000 டாலர் துண்டு விழுகிறது.

போன வருடம் ஆண்டு விருந்தில் சைலன்ட் ஆக்‌ஷன் வைத்தோம். சுவரோரமாக மேசை போட்டு 46 பொருட்களைப் பரப்பி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தொகை எழுத ஒரு தாள், ஒரு பேனா. வந்தவர்கள் சமோசாவும் கையுமாக வந்து, "அட, நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். 2,300 டாலர் வந்தது. அதில் பாதிக்கு மேல் நாங்கள் ஆசிரியர்களே எழுதியது. கடைசியில் என் வீட்டுக்கு மூன்று மெழுகுவர்த்திக் கூடை வந்து சேர்ந்தது.

இந்த வருடம் மேடையில் நின்று கூவி ஏலம் விடலாம் என்று கமிட்டியில் முடிவாகியிருக்கிறது. கூவ வேண்டியது நான். எனக்குத் தொண்டை பெரிது என்பதைத் தவிர வேறு தகுதி எதுவும் இல்லை. 180 பேர் வருவார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 | மேசை 14

டீச்சர், நானும் நியூ ஜெர்சிதான். பையனுடைய ஆரம்பப் பள்ளி பி.டி.ஏ.வில் நான்கு வருடம் மாட்டிக்கொண்டவன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். யாராவது "ஏலத்தோடு ஒரு ட்ரிக்கி ட்ரேயும் வைத்துவிடலாம்" என்பார்கள். நம் மாநிலத்தில் எல்லாப் பள்ளியிலும் நடக்கிறதே என்று தலையாட்டிவிடாதீர்கள். சீட்டு வாங்கிக் கூடைக்கு முன்னால் இருக்கும் பையில் போட்டுக் குலுக்கி எடுப்பது சட்டப்படி ராஃபிள், சூதாட்டக் கணக்கு. மாநில வாய்ப்பு விளையாட்டு ஆணையத்தில் பதிவு எண் வாங்கி, அப்புறம் ஊராட்சி அலுவலகத்தில் உரிமம் வாங்க வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும். ஏலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை, அதில் குலுக்கல் கிடையாது, கேட்டவருக்குப் பொருள்.

46 பொருட்கள் என்றீர்களே, அதை மறந்துவிடுங்கள். நேரடி ஏலத்துக்கு எட்டு போதும், பத்து தாண்டவே கூடாது. ஒரு பொருளுக்கு மூன்று நான்கு நிமிடம் ஆகும். எட்டுப் பொருளுக்கே அரை மணி போய்விடும். அதற்கு மேல் நம் ஜனம் உட்காராது. மிச்சத்தைச் சுவரோரமே வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு 3 | குலசேகரம்காரன்

அக்கா, நீங்கள் புதிது என்று நினைக்கும் சங்கதி எங்கள் ஊரில் என் தாத்தா காலத்து வழக்கம். கன்னியாகுமரி மாவட்டத்து சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபைகளில் அறுப்பின் பண்டிகை என்று வருடா வருடம் நடக்கும். தோட்டத்தில் விளைந்ததில் முதல் தரமானதைச் சபைக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். நேந்திரன் குலை, செவ்வாழைக் குலை, மரச்சீனிக் கிழங்கு, பலாப்பழம், கருப்பட்டி, முட்டை, காலில் கயிறு கட்டிய சேவல், சில வருடம் ஆட்டுக்குட்டி. டவுன் சபை என்றால் கேக். ஆராதனை முடிந்ததும் வளாகத்தில் ஏலம். அந்தப் பணத்தில் கோயில் கூரையும் மாறும், பள்ளிக்கூடத்துக்குச் சுவரும் எழும்.

எங்கள் சபையில் ஏலம் விளிப்பவர் ஒரு ரப்பர் கடைக்காரர். மைக்கே தேவையில்லை. அவர் சேவலைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார். சேவலைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். கூட்டத்தைப் பார்த்து, "வாத்தியாரே, மச்சான் இருநூறு கேட்டுட்டான், நீங்க சும்மா இருக்கியளா?" என்பார். வாத்தியார் இருநூற்றைம்பது என்பார். மச்சானுடைய மனைவி, அதாவது வாத்தியாரின் தங்கை, பெண்கள் பக்கத்திலிருந்து "முன்னூறு" என்று குரல் கொடுப்பாள். கூட்டம் அதிரும். அந்தக் காலத்தில் சந்தையில் அறுபது ரூபாய்க்குக் கிடைத்த சேவல் அது. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று வாத்தியார் பெயருக்கு முடிந்ததும், அவர் சேவலைக் கையில்கூட வாங்காமல் "சபைக்கே இருக்கட்டும்" என்பார். உடனே அதே சேவல் மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரு வருடம் ஒரே சேவல் நான்கு முறை திரும்பி வந்தது. ஐந்தாவதாக எடுத்தவர்தான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைத்தார்.

உங்களுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்னவென்றால், விலை பொருளில் இல்லை. ஒரே பொருளின் மேல் ஆசை உள்ள இரண்டு பேர் அந்த இடத்தில் இருக்கிறார்களா என்பதில்தான் இருக்கிறது. ஒருவர் மட்டும் ஆசைப்பட்டால் ஆரம்ப விலையிலேயே நின்றுவிடும், அது தங்கக் கிண்ணமாக இருந்தாலும். ரப்பர் கடைக்காரருக்கு யார் யாருடைய மச்சான், யாருடைய மகனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, யாருடைய வீட்டில் போன மாதம் துக்கம், எல்லாம் தெரியும். துக்க வீட்டுக்காரர் பக்கம் திரும்பவே மாட்டார்.

அதனால் உங்கள் தொண்டையைவிட உங்கள் வருகைப் பதிவேடுதான் பெரிய தகுதி. 140 வீட்டையும் உங்களுக்குத் தெரியுமே.

பதிவு 4 | ஓரமாக நிற்பவன்

குலசேகரம் அண்ணன் சொன்னது படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சபையில் சேவல் கேட்பவர் சாமிக்குக் கொடுக்கிறார். இங்கே விருந்து மண்டபத்தில் ஒருவர் 2,000 டாலர் என்று எண் அட்டையைத் தூக்கும்போது, பக்கத்து மேசையில் ஹெச்4 துணைவர் விசாவில் ஒரே சம்பளத்தில் ஓட்டுகிற குடும்பம் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளையும் அதே வகுப்பில்தான் படிக்கிறது. கைதட்டும்போது யாருக்குக் கைதட்டுகிறோம்? வீட்டுக்கு 100 டாலர் என்று கட்டணத்தை ஏற்றிவிட்டால் 14,000 வந்துவிடுமே. 140 பிள்ளைகள்தானே.

பதிவு 5 | மேசை 14

140 பிள்ளைகள் என்றால் 140 வீடு இல்லை. அண்ணன் தங்கை கழித்தால் 90 வீடு வரும். (குலசேகரம், நீங்களும்தான்.) அந்த ஹெச்4 குடும்பத்துக்கும் கட்டணம் அதே 100தான் ஏறும், அது மட்டும் நியாயமா?

பதிவு 6 | ஓரமாக நிற்பவன்

நியாயம் என்று சொல்லவில்லை. குறைந்தபட்சம் அது மேடையில் நடக்காது.

பதிவு 7 | போடி ஏலக்காய்

பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், எங்கள் வீட்டுத் தொழிலே ஏலக்காய் ஏலம்தான். போடிநாயக்கனூரிலும் கேரளத்துப் புற்றடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏல மையம் இருக்கிறது. இப்போது கூவல் எல்லாம் கிடையாது. வியாபாரிகள் வரிசையாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். சின்னத் தட்டில் மாதிரிக் காய் வரும், உள்ளங்கையில் கொட்டி நிறம், பருமன் பார்ப்பார்கள், பொத்தானை அழுத்துவார்கள், முடிந்தது. சில விநாடிதான்.

அங்கே இருக்கிறவர் எல்லோருக்கும் இன்றைய விலை தெரியும். கிலோவுக்குப் பத்து ரூபாய் மேலே கீழேதான் சண்டை. உங்கள் ஏலத்தில் யாருக்கும் விலை தெரியாது. அதனால் முதல் எண்ணை நீங்கள்தான் சொல்ல வேண்டும். "யார் என்ன கேட்கிறீர்கள்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒருவர் விளையாட்டாகப் பத்து டாலர் என்பார், அது பத்திலிருந்து தவழும். கடை விலை 200 என்றால் 80-இல் ஆரம்பியுங்கள். ஐந்து பேர் கை சட்டென்று உயரும். அந்த முதல் ஐந்து கைதான் சூடு. அப்புறம் 20 20 ஆக ஏற்றுங்கள், 300 தாண்டினால் 50. ஏற்றும் தொகையையும் நீங்களே சொல்லிவிட வேண்டும். அவர்கள் கணக்குப் போட ஆரம்பித்தால் நிதானம் வந்துவிடும்.

இன்னொன்று, ஏலச்சீட்டுப் பழக்கம் உள்ள மாமா ஒருவர் நிச்சயம் இருப்பார். சீட்டில் தள்ளிக் கேட்கிறவனுக்குத்தான் பணம். கையில் வாங்குவது குறைந்துகொண்டே போகும். எங்கள் சித்தப்பா ஒரு தரும ஏலத்தில் எழுந்து "நான் அம்பது கம்மி" என்றார். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது.

பதிவு 8 | சனிக்கிழமை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதுவரை வந்திருக்கும் பொருட்கள்: ஒரு மாமியின் செட்டிநாட்டு விருந்து, பத்துப் பேருக்கு, அவர் வீட்டில். ஓவிய ஆசிரியை வரைந்த தஞ்சைப் பெரிய கோயில் படம். பத்து மிருதங்கப் பாடம். கடற்கரையில் ஒருவரது வீட்டில் வார இறுதி. ஒரு நாள் பள்ளி முதல்வராக இருக்கும் வாய்ப்பு, அதாவது பிள்ளை மணி அடித்து, முதல்வரின் நாற்காலியில் உட்கார்ந்து, காலை அறிவிப்புப் படிக்கலாம். ஆண்டு விழாவில் முதல் வரிசையில் இரண்டு இருக்கை, கூடவே வாசலுக்குப் பக்கத்தில் கார் நிறுத்துமிடம். ஒரு பாட்டியின் மாவடு, பெரிய ஜாடி. சுற்றுலா நிறுவனம் ஒன்று கோஸ்டாரிகாப் பயணம் "இலவசமாக"த் தருகிறதாம். ஒரு டிவி. மூன்று மெழுகுவர்த்திக் கூடை (எதுவென்று கேட்காதீர்கள்).

பதிவு 9 | மேசை 14

கோஸ்டாரிகாவை எடுத்துவிடுங்கள். அது இலவசம் இல்லை. ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் அடக்க விலை என்று ஒன்று போட்டிருப்பார்கள், அதற்கு மேல் போனால்தான் உங்களுக்கு. அடக்கம் 2,500 என்று வைத்துக்கொள்ளுங்கள், 2,600-க்குப் போனால் மண்டபம் முழுக்கக் கைதட்டும், பள்ளிக்கு நூறு டாலர். அதைவிட மோசம், அந்த 2,600 கொடுத்தவர் "நான் இன்று கொடுத்துவிட்டேன்" என்று கையைக் கட்டிக்கொள்வார்.

டிவியும் வேண்டாம். மேசைக்கு அடியில் போனில் விலை பார்த்துவிடுவார்கள். கடையில் வாங்க முடியாததுதான் ஏலத்துக்கு. மாவடு இருக்கிறதே, அது தங்கம்.

முதல் வரிசை இருக்கையைக் கடைசிக்கு வைக்காதீர்கள், முதலில் விடுங்கள். போன வருடம் ஆண்டு விழாவில் முதல் வரிசைக்குத் துண்டு போட்டு அடித்துக்கொண்டது எந்த ஊர்ப் பள்ளி என்று சொல்லமாட்டேன்.

பதிவு 10 | கணக்குப்பிள்ளை

தொழில்முறையில் வரிக் கணக்குப் பார்ப்பவன். உங்கள் பள்ளி 501(சி)(3), அதாவது வரிவிலக்குள்ள தொண்டு அமைப்பு என்ற பதிவு உள்ளது என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஏலத்தில் செட்டிநாட்டு விருந்தை 600 டாலருக்கு எடுத்தவர் 600-ம் நன்கொடை என்று கழிக்க முடியாது. அந்த விருந்தின் நியாயமான சந்தை விலை 200 என்றால், மேலே உள்ள 400தான் நன்கொடை. அதுவும் விலை 200 என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதனால் அச்சடிக்கும் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் மதிப்பைப் போட்டுவிடுங்கள். பாதி நன்கொடை, பாதி பொருள் என்று 75 டாலருக்கு மேல் யாராவது கட்டினால், பொருளின் மதிப்பு இவ்வளவு என்று பள்ளி எழுத்தில் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காவிட்டால் பள்ளிக்கு அபராதம். 250 டாலரும் அதற்கு மேலும் நன்கொடை என்றால் அவர் வரியில் காட்டப் பள்ளியின் ஒப்புகைக் கடிதம் வேண்டும்.

பொருள் கொடுப்பவர்கள் பக்கம்தான் மனத்தாங்கல் வரும். மிருதங்க ஆசிரியர் தன் நேரத்தைக் கொடுக்கிறார், நேரத்துக்குக் கழிவு கிடையாது. கடற்கரை வீட்டுக்காரர் வீட்டைப் பயன்படுத்தக் கொடுக்கிறார், அதற்கும் கிடையாது. ஓவியர் தானே வரைந்த படத்தைக் கொடுத்தால் துணி, சாயம், சட்டம் வாங்கிய செலவுதான் கணக்கு, படம் எத்தனை ஆயிரத்துக்குப் போனாலும் சரி. அவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஏப்ரலில் என்னிடம் வந்து அழுபவர்களைப் பார்த்துவிட்டேன்.

ட்ரிக்கி ட்ரே சீட்டுக்கு ஒரு காசு கழிவு இல்லை, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் விருந்து, ஏலம் மாதிரி நிகழ்ச்சிகளின் மொத்த வரவு 15,000 டாலரைத் தாண்டினால் பள்ளியின் ஆண்டு வரிப் படிவம் 990-உடன் ஷெட்யூல் ஜி என்ற இணைப்பும் போக வேண்டி வரும். உங்கள் பொருளாளருக்குச் சொல்லுங்கள்.

பதிவு 11 | ஸ்காபரோ பஸ்

கனடாவில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுக்க வேண்டாம். இங்கே பொருளின் பெறுமதி கொடுத்த காசின் 80 வீதத்தைத் தாண்டினால் அது அன்பளிப்பாகவே கணக்கில் வராது, பற்றுச்சீட்டுக் கொடுக்க ஏலாது. ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்க இராப்போசனத்தில் நாங்கள் கூறி விற்பது (ஏலம்தான்) பெரும்பாலும் இப்படித்தான் கணக்கில் வராமல் போகும்: 300 டாலர் பெறுமதி, 320-க்குப் போகும், பற்றுச்சீட்டுக்கு ஆட்கள் சண்டைக்கு நிற்பார்கள்.

எங்களிடம் நன்றாகப் போனது எது தெரியுமா? பள்ளிக்கூடத்துப் பழைய மணி. அசல் இல்லை, அதே அளவில் ஊரில் வார்ப்பித்து எடுத்தது. 1970களில் படித்த இரண்டு பேர், ஒருவர் கிரிக்கெட் கப்டன், மற்றவர் அவர் அணியில் விளையாடியவர். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. அவர்களே பார்த்துக்கொண்டார்கள்.

பதிவு 12 | குலசேகரம்காரன்

மணி! அதுதான் நான் சொல்ல வந்தது.

டீச்சர், பிள்ளைகள் செய்த பொருள் ஒன்று உங்கள் பட்டியலில் இல்லையே? வாங்கினவர் திருப்பிக் கொடுத்து மறுபடி விடுவதற்கு ஏற்ற மாதிரி, பள்ளியிலேயே மாட்டி வைக்கக்கூடியதாக ஒன்று.

ஓரமாக நிற்பவருக்கும் ஒரு வார்த்தை. எங்கள் சபையில் சேவல் முடிந்ததும் முட்டை வரும், ஒற்றை முட்டை. அதைச் சின்னப் பிள்ளைகளும் விதவைப் பாட்டிகளும் கேட்பார்கள். பெரிய ஆட்கள் வாயைத் திறக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். அப்படி ஒன்று வையுங்கள்.

பதிவு 13 | மேசை 14

அதற்கு இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது, பேடில் ரெய்ஸ் என்பார்கள். தமிழில் கைதூக்கல் என்றே சொல்லலாம். பொருளே கிடையாது. ஏலம் முடிந்த சூட்டோடு, "புத்தகத்துக்கு ஆயிரம் கொடுப்பவர்கள் அட்டையைத் தூக்குங்கள்" என்று ஆரம்பித்து, 500, 250, 100, 50, 25 என்று இறங்கி வர வேண்டும். கீழே வர வர அட்டைகள் கூடும். கடைசி 25-இல் மண்டபம் முழுக்க எழும். யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை. முழுத் தொகையும் நன்கொடை, கணக்குப்பிள்ளைக்கும் சந்தோஷம்.

ஆயிரத்துக்குக் கையைத் தூக்க ஒருவரை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த முதல் நிசப்தம் கொடுமை.

நேரம்தான் முக்கியம். எங்கள் பள்ளியில் முதல் வருடம் ஏலத்தைக் கடைசியில் வைத்தோம். பதினான்கு நடனம், நான்கு உரை, ஒரு பொன்னாடை வரிசை, அப்புறம் சாப்பாடு, அப்புறம் ஏலம். மணி 9:40. குழந்தைகள் தோளில் தூங்க, எல்லோரும் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். காலி நாற்காலிகளுக்கு ஏலம் விட்டோம். அடுத்த வருடத்திலிருந்து பாயசத்தைப் பிடித்து வைத்துக்கொண்டோம். சாப்பாடு போடுங்கள், பாயசம் கொடுக்காதீர்கள். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஏலத்தை ஆரம்பியுங்கள். பாயசம் குடிக்காமல் எந்தத் தமிழனும் விருந்திலிருந்து கிளம்புவதில்லை.

பதிவு 14 | ஓரமாக நிற்பவன்

25 வரை இறங்கி வருவது சரி. அந்தக் குடும்பமும் அட்டையைத் தூக்கலாம். மற்றதில் என் கருத்து மாறவில்லை. ஆனால் விருந்துக்கு நான் வருகிறேன், நானும் அதே பள்ளிதான், டீச்சர் கண்டுபிடித்திருப்பார்.

பதிவு 15 | சனிக்கிழமை டீச்சர்

இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். அட்டை எண் 62 உங்களுக்கு.

பதிவு 16 | சனிக்கிழமை டீச்சர்

மன்னிக்க வேண்டும், மூன்று வாரமாக எழுத நேரமில்லை. போன சனிக்கிழமை முடிந்தது. இன்னும் குரல் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பிள்ளைகள் செய்த பொருள் என்று குலசேகரம் அண்ணா கேட்டாரே, அது தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. தமிழ் எழுத்து 247. நான்கு அங்குலச் சதுரமாக 247 வெள்ளைத் துணி வெட்டினோம். 140 பிள்ளைகளுக்கும் கொடுத்து, துணியில் எழுதும் பேனாவால் ஆளுக்கொரு எழுத்து, பெரிய வகுப்புக்காரர்களுக்கு இரண்டு, மூன்று. இரண்டு அம்மாக்கள் தையல் இயந்திரத்தில் சேர்த்துத் தைத்தார்கள். மழலை வகுப்புப் பையன் ஒருவனுக்கு 'ஙௌ' வந்தது. "இதில் என்ன வார்த்தை இருக்கு டீச்சர்?" என்று கேட்டான். ஒன்றும் இல்லை கண்ணு, உனக்காகத்தான் வைத்திருக்கிறார்கள் என்றேன். அவன் அம்மா அப்பாவை இழுத்துவந்து மண்டபத்தில் அந்தச் சதுரத்தைக் காட்டினான். எல்லா வீட்டுக்காரர்களும் அப்படித்தான், உள்ளே வந்ததும் துணி முன்னால் நின்று தங்கள் எழுத்தைத் தேடினார்கள். சைலன்ட் ஆக்‌ஷன் மேசைப் பக்கம் போன வருடத்தில் பாதிப் பேர்கூடப் போகவில்லை.

முதல் வரிசை இருக்கை 340-க்குப் போனது. 80-இல் ஆரம்பித்தேன், ஏழு அட்டை உயர்ந்தது, போடி அக்காவை நினைத்துக்கொண்டேன். செட்டிநாட்டு விருந்து இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் 900-இல் முட்டிக்கொண்டு நின்றது. மாமியிடம் முன்பே கேட்டு வைத்திருந்தேன், இரண்டு தடவை சமைக்கச் சம்மதமா என்று. மேடையிலிருந்து அவரைப் பார்த்தேன், தலையாட்டினார். இரண்டு பேருக்கும் ஆளுக்கு 900 என்று கொடுத்துவிட்டேன். ஒரே நொடியில் 1,800. மாவடு 160. பாட்டி "ஊறுகாய்க்கா?" என்று என் காதில் மூன்று முறை கேட்டார். கடற்கரை வீடு 1,150. மிருதங்கம் 420.

தப்பு நடந்ததையும் சொல்ல வேண்டும். தஞ்சைக் கோயில் படம் 275-இல் நின்றுவிட்டது. அழகான படம், இரண்டு மாத வேலை. ஆசைப்பட்டவர் ஒருவர்தான். அவருக்கு எதிரில் யாரும் இல்லை. நான் படத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன், பேசப் பேச மண்டபம் ஆறிப்போனது. ஓவிய ஆசிரியை சிரித்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆசைப்படும் இரண்டாவது ஆளை முன்பே தேடியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேடைக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது.

அப்புறம் 'ஒரு நாள் முதல்வர்'. 510 வரை ஏறியது. மூணு தரம் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம்தான் தெரிந்தது, 260-க்கு மேல் போட்டி போட்டதே கணவனும் மனைவியும். அவர் பின்னால் காபி பக்கம் நின்று ஒரு அட்டை, அந்த அம்மா முன் மேசையில் ஒரு அட்டை. வாசலில் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டோம். மூன்றாவதாகக் கேட்டவர் 260-இல் விட்டிருந்தார், அதனால் 280 மட்டும் வாங்கிக்கொண்டோம். வீட்டுக்கு ஒரு அட்டைதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கைதூக்கலில் ஆயிரத்துக்குப் பேசி வைத்திருந்தவர் அந்த நேரத்தில் காரை நகர்த்தப் போயிருந்தார். "ஆயிரம்" என்றேன். யாரும் இல்லை. மறுபடி "ஆயிரம்" என்றேன். குளிர்பதனப் பெட்டியின் சத்தம் கேட்டது. 500-க்கு இறங்கினேன், இரண்டு. 250-க்கு ஏழு, 100-க்கு 24, 50-க்கு 17. 25 என்றபோது 31 அட்டை. எண்ணுவதற்குள் கை வலித்துக் கீழே போட்டவர்களும் உண்டு, அவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை. 6,775 டாலர். (கார்க்காரர் திரும்பி வந்து 25-க்குத் தூக்கினார்.)

துணி கடைசியில் வந்தது. இரண்டு தாத்தாக்கள். ஒருவர் பேத்தி 'ழ' எழுதியவள், இன்னொருவர் பேரன் 'ஃ'. ஊரிலிருந்து விசிட்டில் வந்திருப்பவர்கள், டாலர் மகனுடையது, கை மட்டும் தாத்தாவுடையது. 2,100-க்கு 'ழ' தாத்தா எடுத்தார். மேடைக்கு வந்து துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நான் சொல்லிக் கொடுக்காமலே, "இதை வீட்டுல வச்சு நான் என்ன பண்ண, பள்ளிக்கூடத்துல மாட்டுங்க" என்றார். அப்போது பின்னாலிருந்து யாரோ "அப்படின்னா மறுபடி விடுங்க" என்று கத்தினார்கள். அது அட்டை 62. இரண்டாவது முறை 1,300-க்குப் போனது, 'ஃ' தாத்தாவுக்கு. அவரும் பள்ளிக்கே என்றுவிட்டார். மூன்றாவது முறை விடலாமா என்று யோசிப்பதற்குள் யாரோ பாயசக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

மொத்தம் 14,600. கார்டு கட்டணம் கிட்டத்தட்ட 3 சதவீதம் போகும். மிருதங்கம் எடுத்தவர் இன்னும் பணம் கட்டவில்லை, நாளை மூன்றாவது முறை போன் செய்வேன். அன்றிரவே வாசலில் வசூலிக்க ஆள் போடாதது என் தப்பு. மெழுகுவர்த்திக் கூடை மூன்றும் மறுபடி என் வீட்டில்.

பதிவு 17 | கணக்குப்பிள்ளை

துணிக்கு என்ன மதிப்புப் போட்டீர்கள்?

பதிவு 18 | சனிக்கிழமை டீச்சர்

துணி, நூல், பேனா சேர்த்து 85 டாலர் என்று பட்டியலில் அச்சடித்திருந்தோம். இரண்டு பேருமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கடிதத்தில் எப்படி எழுதுவது?

பதிவு 19 | கணக்குப்பிள்ளை

எடுத்துக்கொண்டு போகவில்லை, அந்த இடத்திலேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். அதைக் கடிதத்தில் அப்படியே எழுதுங்கள், பொருள் எதுவும் பெறவில்லை என்று. ரசீது பணம் கட்டிய மகன் பெயருக்கு, தாத்தா பெயருக்கு இல்லை. மற்றதை உங்கள் கணக்காளர் பார்த்துக்கொள்வார்.

பதிவு 20 | ஓரமாக நிற்பவன்

நான் கத்தினது ஒரு வேகத்தில்.

ஒரு சந்தேகம். வகுப்பறையில் மாட்டியபிறகு பார்த்தேன், ஞ வரிசையில் 'ஞெ' இரண்டு இருக்கிறது. 'ஞே' இல்லை.

பதிவு 21 | சனிக்கிழமை டீச்சர்

தெரியும். தைத்து முடித்த அன்றே பார்த்தோம். அந்தப் பெண் கொம்பில் சுழி போட மறந்துவிட்டாள். திருத்தலாமா என்று கேட்டதற்கு அழுதுவிட்டாள், அப்படியே விட்டுவிட்டோம். யாரிடமும் சொல்லாதீர்கள்.

பதிவு 22 | குலசேகரம்காரன்

ஒரே துணி இரண்டு முறை! அக்கா, அடுத்த வருடம் விருந்துக்கு நான் நேரில் வருகிறேன். சேவல் ஒன்று ஏற்பாடு செய்யட்டுமா?

பதிவு 23 | சனிக்கிழமை டீச்சர்

மண்டப ஒப்பந்தத்தில் உயிருள்ள பிராணிகளுக்கு அனுமதி இல்லை. பார்த்துவிட்டேன்.